அறிஞர் வருகிறார்: நாம் எதைக் கேட்கப்போகிறோம்?



பங்குகளிலும் ஆச்சிரமங்களிலும் வார இறுதி நாட்களில் இறையியல் உரைகள் நடைபெறுவது எமது பகுதிக்குப் புதிதல்ல. குருமடத்திலிருந்தோ பல்கலைக்கழகத்திலிருந்தோ, சில வேளைகளில் கடல் கடந்தோ, ஓர் அறிஞர் வருவார். சனிக்கிழமை பிற்பகல் ஓர் உரை. ஞாயிறு திருப்பலிக்குப் பின் இன்னோர் உரை. முன்வரிசையில் ஆசிரியர்களும் துறவியரும் இருப்பார்கள். இடம்பெயர்ந்து வந்த கமக்காரக் குடும்பங்கள் பின்வாங்கிலிலோ வெளியே மரநிழலிலோ இருப்பார்கள். பலர் வருவதே இல்லை. ஏன் என்று கேட்டால், "அது படிச்ச ஆக்களுக்கு, சுவாமி. எங்களுக்கு வெங்காயத்துக்குத் தண்ணி மாற வேணும்" என்பார்கள்.

இந்தப் பதிலில் பாதி உண்மை. தண்ணீர் மாறாவிட்டால் வெங்காயம் வாடிவிடும். ஆனால், இறையியல் படித்தவர்களுக்கு மட்டும் உரியது என்ற மற்றப் பாதி உண்மையல்ல. காணியை விட்டு வந்தவர்கள், கடன்பட்டவர்கள், திரும்பிப் போக வழி பார்த்திருப்பவர்கள் ஆகியோரைப் பற்றித் திருவிவிலியம் மிக விரிவாகப் பேசுகிறது. அந்தப் பக்கங்களை விளங்குவதற்கு வேண்டிய அனுபவம் எம்மிடம் உண்டு. அறிஞரின் உரையை நாம் எவ்வாறு எமக்குரியதாக்கலாம் என்பதே இவ்விதழின் பாடம்.

1. இறையியல் என்றால் என்ன?

இறையியல் என்பது விசுவாசம் தன்னை விளங்கிக்கொள்ள எடுக்கும் முயற்சி. நம்புகிறவன் கேள்வி கேட்கத் தொடங்கும் இடத்தில் அது தொடங்குகிறது. "கடவுள் நல்லவர் என்றால் எங்களுக்கு ஏன் இப்படி நடந்தது?" என்று முகாமில் ஒரு தாய் கேட்டால், அவர் இறையியலின் மிகப் பழைய கேள்விகளில் ஒன்றைக் கேட்டுவிட்டார். யோபு நூல் முழுவதும் அந்தக் கேள்விதான்.

அறிஞரிடம் நமக்கில்லாத சில கருவிகள் உண்டு. எபிரேயமும் கிரேக்கமும் அவருக்குத் தெரியும். பழைய அரசுகளின் வரலாறு தெரியும். ஒரே பகுதியைப் பல நூற்றாண்டுகளாக மக்கள் எவ்வாறு விளங்கினார்கள் என்பதும் தெரியும். அவரிடம் இல்லாத சில எம்மிடம் உண்டு. விதைத்ததை அறுக்காமல் விட்டு ஓடிவருவது எப்படியிருக்கும் என்று நாம் நூலில் படித்து அறிய வேண்டியதில்லை.

விவசாயப் போதனாசிரியர் தோட்டத்துக்கு வரும்போது நாம் என்ன செய்கிறோம்? அவர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு நிற்பதில்லை. நோய் விழுந்த இலையைப் பிடுங்கிக் கொண்டுவந்து கையிலே கொடுக்கிறோம். இலையைக் காணாமல் அவரால் மருந்து சொல்ல முடியாது. இறையியல் அறிஞரிடமும் அவ்வாறே போக வேண்டும். எமது இலை எமது கேள்விதான்.

2. சுன்னாகம் பகுதியின் பழைய வழக்கம்

வெளியிலிருந்து வந்த அறிஞர்களின் பேச்சைக் கேட்பதில் வலிகாமத்துக்கு நீண்ட பழக்கம் உண்டு. 1816ஆம் ஆண்டு அமெரிக்க மிசன் யாழ்ப்பாணத்தில் பணியைத் தொடங்கியது. 1823இல் வட்டுக்கோட்டை செமினறியும், 1824இல் சுன்னாகத்துக்கு அயலிலுள்ள உடுவிலில் பெண்கள் பாடசாலையும் தொடங்கின. அங்கு வந்த போதகர்களின் பேச்சை எமது முன்னோர் கேட்டுவிட்டுச் சும்மா போகவில்லை. பேர்சிவல் பாதிரியாருடன் இருந்து வேதாகமத் தமிழாக்கத்துக்கு உதவிய ஆறுமுக நாவலரே, 1847 டிசெம்பர் 31ஆம் திகதி வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் தமது சைவப் பிரசங்கத்தை ஆரம்பித்தார். வெள்ளிக்கிழமை தோறும் அது தொடர்ந்தது. கேட்டவர்கள் பதிலும் சொன்னார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

அந்தப் பதில் சொல்லும் பழக்கம் கிறிஸ்தவர்களிடமும் வளர்ந்தது. மானிப்பாயில் பிறந்த நல்லூர் சுவாமி ஞானப்பிரகாசர் (1875–1947) தமிழையும் சைவத்தையும் ஆழக் கற்று எழுதினார். தென்னிந்தியத் திருச்சபையின் யாழ்ப்பாண ஆதீனத்தின் முதற் பேராயர் சபாபதி குலேந்திரன், கிறிஸ்தவத்திலும் இந்து சமயத்திலும் கடவுளின் அருள் பற்றிய கொள்கையை ஒப்பிட்டு 1964இல் ஆங்கிலத்தில் ஒரு நூலை வெளியிட்டார். மெதடிஸ்த போதகர் டி. ரி. நைல்ஸ், 1948இல் அம்ஸ்ரடாமில் கூடிய உலகத் திருச்சபைகள் மன்றத்தின் முதற் பேரவையில் உரையாற்றினார். யாழ்ப்பாணம் அறிஞரை வரவேற்றது. அறிஞரை வெளியே அனுப்பியும் வைத்தது.

சுன்னாகத்துக்குத் தெற்கே, காங்கேசன்துறை வீதியிலுள்ள மருதனார்மடத்தில், சேவக் செல்வரத்தினம் 1939இல் கிறிஸ்த சேவா ஆச்சிரமத்தைத் தொடங்கினார். தமிழ்நாட்டின் திருப்பத்தூரில் 1921இல் எழுந்த கிறிஸ்துகுல ஆச்சிரமத்தைப் போன்று, இந்நாட்டு மண்ணுக்கேற்ற கிறிஸ்தவ வாழ்வைத் தேடிய இயக்கத்தின் ஒரு கிளை அது. ஆச்சிரம வாழ்வில் செபமும் உழைப்பும் படிப்பும் விருந்தோம்பலும் ஒன்றாக இருக்கும். பேச வந்தவரும் கேட்க வந்தவரும் ஒரே பந்தியில் நிலத்திலிருந்து சாப்பிடும் இடத்தில் கேள்வி கேட்பது இலகுவாகிறது. வார இறுதி உரைகளை ஒழுங்கு செய்கிற எந்தப் பங்கும் இதைக் கவனிக்கலாம்.

ஆனால் ஒரு குறையையும் சொல்ல வேண்டும். அக்காலத்துப் படிப்பு பெரும்பாலும் உத்தியோகத்துக்குப் படியாயிற்று. தோட்டம் கொத்தியவர்களும், சாதியின் பெயரால் ஒதுக்கப்பட்டவர்களும் விவாதத்தின் ஓரத்திலேயே நின்றார்கள். அருளைப் பற்றியும் மீட்பைப் பற்றியும் நிறையப் பேசப்பட்டது. காணி, கடன், கூலி பற்றிக் குறைவாகவே பேசப்பட்டது. அந்த மிச்ச வேலை எமக்கு இருக்கிறது.

3. கேட்கும் உரிமை

சிலர், "சுவாமிமாரிடம் கேள்வி கேட்பது மரியாதையா?" என்று தயங்குவார்கள். திருச்சபையின் சட்டம் இதற்குத் தெளிவான பதில் தருகிறது. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 229ஆம் பிரிவின்படி, கிறிஸ்தவப் போதனையைத் தம் நிலைக்கேற்ப அறிந்துகொள்வது பொதுநிலையினரின் உரிமை மட்டுமல்ல, கடமையும் கூட. 212ஆம் பிரிவு, தம் தேவைகளையும் கருத்துக்களையும் மேய்ப்பர்களுக்குத் தெரிவிக்கும் உரிமையை அவர்களுக்கு உறுதிப்படுத்துகிறது. எனவே கேள்வி கேட்கிற கமக்காரர் வரம்பு மீறவில்லை, தமக்குரியதைக் கேட்கிறார்.

திருத்தந்தை 23ஆம் அருளப்பர் 1961இல் வெளியிட்ட "மாத்தேர் எத் மஜிஸ்த்ரா" என்ற சுற்றுமடலில், உழவுத்தொழில் பின்தள்ளப்பட்டிருப்பதைப் பற்றி நீளமாக எழுதினார். உழவரின் முன்னேற்றத்துக்கு உழவரே முதன்மையாக உழைக்க வேண்டும் என்று அதிலே வற்புறுத்தினார். பெல்ஜியத்துக் குருவான கார்டைன் தொழிலாள இளைஞரிடையே வளர்த்த "பார், தீர்ப்பிடு, செயற்படு" என்னும் முறையையும் அதே மடலில் ஏற்றுக்கொண்டார். எமது கிராமியக் குழுக்களில் இன்றும் பயன்படுவது அந்த முறைதான்.

நிக்கரகுவா நாட்டின் பெரிய ஏரியிலுள்ள சொலென்ரினாமே தீவுகளில், 1966ஆம் ஆண்டிலிருந்து ஏர்னெஸ்ரோ கார்தெனால் என்ற குரு வேறொரு வழியைக் கைக்கொண்டார். ஞாயிறு பிரசங்கத்துக்குப் பதிலாக, அன்றைய நற்செய்தியை உழவரும் மீனவரும் கலந்து பேசினார்கள். அந்தப் பேச்சுக்கள் பின்னர் நூல்களாகி உலகெங்கும் படிக்கப்பட்டன. இன்று குருமடங்களில் பேராசிரியர்கள் அவற்றைப் படிப்பிக்கிறார்கள். எழுத்தறிவு குறைந்த உழவரின் கேள்வி, பேராசிரியரின் பாடமாயிற்று.

4. எடுத்துக்காட்டு: இரண்டு காணிக் கதைகள்

அறிஞர் ஒருவரை அழைத்து, "காணியும் விசுவாசமும்" என்ற பொருளில் பேசச் சொல்வதாக வைத்துக்கொள்வோம். அவர் வருமுன் நாம் வாசித்திருக்க வேண்டிய இரு பகுதிகள் கீழே தரப்படுகின்றன.

(அ) எரேமியாவின் உறுதி (எரேமியா 32)

பாபிலோனியப் படை எருசலேமைச் சூழ்ந்து நிற்கிறது. எரேமியா அரசனின் காவல் முற்றத்தில் அடைபட்டிருக்கிறார். அந்த வேளையில் சிறிய தந்தையின் மகன் அனமேல் வந்து, அனத்தோத்து ஊரிலுள்ள காணியை வாங்கும்படி கேட்கிறார். உறவினர் என்ற முறையில் அதை மீட்கும் உரிமை எரேமியாவுக்கே இருந்தது. எமக்கு இது அந்நியமான வழக்கமல்ல. 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் தொகுக்கப்பட்ட தேசவழமையிலும், காணி விற்கும்போது பங்காளிக்கும் உரித்தாளிக்கும் முன்னுரிமை உண்டல்லவா?

அனத்தோத்து எருசலேமுக்கு மிக அருகிலுள்ள ஊர். எதிரிப் படை நிற்கும் பக்கம் அது. கால் வைக்க முடியாத காணியை யார் விலைக்கு வாங்குவார்? எரேமியா வாங்கினார். 17 செக்கேல் வெள்ளியை, ஏறத்தாழ 200 கிராமை, நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகளை வைத்து உறுதி எழுதினார். முத்திரையிட்ட பிரதி ஒன்று. திறந்த பிரதி ஒன்று. இரண்டையும் நெடுங்காலம் கெடாதிருக்க மண்பாண்டத்தில் வைக்கும்படி பாரூக்கிடம் சொன்னார். இந்த நாட்டில் மீண்டும் வீடும் வயலும் திராட்சைத் தோட்டமும் வாங்கப்படும் என்ற இறைவாக்குக்கு அந்த உறுதிதான் அடையாளம்.

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபோது வசாவிளான், கட்டுவன், பலாலி, மயிலிட்டி, தையிட்டி ஆகிய இடங்களிலிருந்து வெளியேறியவர்கள் எதை எடுத்துக்கொண்டு வந்தார்கள்? 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமமே தென்மராட்சி நோக்கி நடந்தபோது சேலைத் தலைப்பில் எதை முடிந்து வைத்திருந்தார்கள்? பல வீடுகளில் அது காணி உறுதி. பொலித்தீன் பையில் சுற்றி முகாமுக்கு முகாம் கொண்டுபோன அந்தக் கடதாசி எமது மண்பாண்டம். இதை விளக்கிச் சொல்ல எந்த அறிஞரும் வேண்டியதில்லை. ஆனால் அறிஞரிடம் கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது.

இதே எரேமியா, பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார் (எரேமியா 29). அங்கே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் செய்து வையுங்கள், அந்த நகரின் நலனைத் தேடுங்கள் என்பது அதன் சாரம். ஒரே இறைவாக்கினர் பழைய காணியின் உறுதியைப் பத்திரப்படுத்தச் சொல்கிறார். வந்த இடத்தில் வேரூன்றவும் சொல்கிறார். இவ்விரண்டும் எப்படி ஒத்துப்போகும்? சுன்னாகம், மல்லாகம், உடுவில் பகுதிகளின் நலன்புரி நிலையங்களில் வாழ்ந்த குடும்பங்களை ஆண்டுக்கணக்காகப் பிரித்த கேள்வி இது. "இங்கே கல்வீடு கட்டினால் அங்கே உரிமை போய்விடும்" என்று தந்தை சொல்வார். "நான் பிறந்தது முகாமில், அந்தக் காணியை நான் கண்டதே இல்லை" என்று மகள் சொல்வாள். இருவரும் பிழையாகப் பேசவில்லை. குத்தகைக் காணியில் நட்ட வெங்காயம் பழைய உறுதியைச் செல்லாக்காசாக்குவதில்லை என்பது என் விளக்கம். அறிஞர் வேறு விதமாகச் சொல்லக்கூடும். கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. முற்றுகை சற்றுத் தளர்ந்தபோது எரேமியா தம் காணிப் பங்கைப் பெற ஊருக்குப் புறப்பட்டார். நகர வாசலிலே காவல் அதிகாரி அவரை மறித்து, எதிரியிடம் ஓடுகிறாய் என்று குற்றஞ்சாட்டிப் பிடித்தான்; அடித்துச் சிறையில் போட்டார்கள் (எரேமியா 37). சோதனைச் சாவடியில் நின்றவர்களுக்கு அந்தப் பகுதியின் உரை தேவையில்லை.

(ஆ) சூனேம் ஊர்ப் பெண்ணின் வழக்கு (2 அரசர் 8:1–6)

இந்தச் சிறு கதை பிரசங்கங்களில் அபூர்வமாகவே வரும். பஞ்சம் வரப்போவதை எலிசா சொல்ல, சூனேமைச் சேர்ந்த ஒரு பெண் தம் குடும்பத்துடன் பிலிஸ்தியர் நாட்டுக்குப் போய் 7 வருடம் இருந்தார். திரும்பி வந்தபோது வீடும் வயலும் அவர் கையில் இல்லை. அவர் அழுதுகொண்டு மூலையில் இருக்கவில்லை. அரசனிடம் நேரே போய் முறையிட்டார். அரசன் விசாரித்து ஓர் அதிகாரியை நியமித்தான். வீட்டையும் வயலையும் திருப்பிக் கொடுக்கச் சொன்னான். அத்தோடு, அவர் போன நாளிலிருந்து அன்றுவரை வயல் தந்த விளைச்சலின் பலனையும் கொடுக்கச் சொன்னான்.

கடைசி வரியைக் கவனியுங்கள். காணியைத் திருப்பித் தந்ததோடு கதை முடியவில்லை. இழந்த வருடங்களின் வருமானமும் கணக்கில் எடுக்கப்பட்டது. வலிகாமம் வடக்கில் 2015ஆம் ஆண்டுக்குப் பின் காணிகள் கட்டங்கட்டமாக விடுவிக்கப்பட்டன. ஒரு பகுதி இன்னும் விடுவிக்கப்படவில்லை. திரும்பிப் போனவர்கள் பலர் இடிந்த சுவரையும் தூர்ந்த கிணற்றையும் பற்றைக்காட்டையும் கண்டார்கள். காணி கிடைத்தால் நீதி முடிந்துவிட்டதா? திருவிவிலியத்திலுள்ள ஓர் அரசன் அப்படி நினைக்கவில்லை. முறையிட்டவர் ஒரு பெண் என்பதையும் எமது சங்கங்கள் மறக்கக்கூடாது.

இப்படிப்பட்ட கேள்வியிலிருந்தே ஓர் அறிஞர் உருவானதும் உண்டு. பாலஸ்தீனத்தின் பெய்சான் ஊரில் 1937இல் பிறந்த நயிம் அத்தீக், 1948இல் 11 வயதில் குடும்பத்தோடு வெளியேற்றப்பட்டார். பின்னர் அங்கிலிக்கன் குருவானார். இடம்பெயர்ந்தவரின் கண்ணோடு திருவிவிலியத்தை வாசித்து 1989இல் ஒரு நூல் எழுதினார். தந்தையரின் உரிமைக் காணியை விற்க மறுத்ததற்காகக் கொல்லப்பட்ட நாபோத்தின் கதை (1 அரசர் 21) அதில் முக்கிய இடம் பெறுகிறது. எமது முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளிலும் நாளைய அறிஞர் இருக்கலாம்.

5. கிணற்றிலிருந்து ஒரு கேள்வி

காணியைப் போலத் தண்ணீரும் இறையியலுக்குரிய பொருள். 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் படைப்பைப் பேணுவது பற்றி "லௌதாத்தோ சீ" என்ற சுற்றுமடலை வெளியிட்டார். அதே காலத்தில்தான் சுன்னாகம் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்தது பெரும் பிரச்சினையாயிற்று. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், பாதிக்கப்பட்டவர்களுக்கு 2 கோடி ரூபா இழப்பீடு வழங்குமாறு மின் உற்பத்தி நிறுவனமொன்றுக்கு 2019இல் உத்தரவிடப்பட்டது.

குடாநாட்டில் வற்றாத ஆறு இல்லை. சுண்ணாம்புக்கல்லுக்குள் தங்கும் மழைநீரே எமது குடிநீரும் இறைப்பு நீரும். ஒருவர் கொட்டுவது அயலவர் கிணற்றுக்குப் போகிறது. ஆகவே நிறுவனத்தைக் கேட்ட அதே கேள்வியை எம்மையும் கேட்க வேண்டும். செம்மண் தோட்டங்களில் அளவுக்கு மிஞ்சிப் போடும் யூரியாவால் கிணற்று நீரில் நைத்திரேற்று கூடுகிறது. படைப்பைப் பற்றிப் பேச வருகிறவரிடம் கிணற்றையும் காட்டுங்கள், உரப்பையையும் காட்டுங்கள்.

6. உரை பயன்தர வேண்டுமானால்

முன்பு:
– தண்ணீர் முறையும் சந்தை நாளும் பார்த்து நேரம் குறிக்கவும். அறுவடைக் காலத்தில் உரை வைக்க வேண்டாம்.
– ஐந்தாறு குடும்பங்கள் முதல் வாரமே கூடி, குறித்த பகுதியை இரண்டு தரம் உரத்து வாசிக்கட்டும். வாசிக்கத் தெரியாதவரும் கேட்டுப் பேசலாம்.
– ஒவ்வொரு குழுவும் ஒரேயொரு கேள்வியை எழுதி அறிஞருக்கு முன்கூட்டியே அனுப்பட்டும்.
– அறிஞர் சனி காலையிலேயே வந்து ஒரு தோட்டத்தையும் ஒரு வீட்டையும் பார்க்கட்டும். மாலையும் மேளமும் வேண்டியதில்லை; ஒரு குடும்பத்தோடு மதியச் சாப்பாடு போதும்.

உரையின்போது:
– பேச்சு அரை மணிக்கு மேற்படாதிருக்கட்டும். மொழிபெயர்ப்பு இருந்தால் நேரம் இரட்டிக்கும் என்பதை அறிஞருக்கு முன்னரே சொல்லவும்.
– வாங்குகளை வட்டமாகப் போடவும். குழந்தைகளைப் பார்க்க இருவரை ஒழுங்கு செய்தால் தாய்மார் நிம்மதியாக இருந்து கேட்பார்கள்.
– முதற் கேள்வி பின்வரிசையிலிருந்து வரட்டும்.
– விளங்காத சொல் வந்தால் உடனே கையை உயர்த்தவும். எளிய தமிழில் சொல்ல முடியாத உண்மை மிகக் குறைவு.

பின்பு:
– ஒரு செயலைத் தீர்மானியுங்கள். காணி பற்றிய உரை என்றால், அடுத்த ஞாயிறு ஒரு சட்டத்தரணியையோ பிரதேச செயலகத்தின் காணி உத்தியோகத்தரையோ அழைக்கலாம். எரேமியா இரண்டு பிரதி வைத்தார். எமது நொத்தாரிசுமாரும் உறுதியின் ஒரு பிரதியைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புவது வழக்கம். ஆகவே உறுதி தொலைந்தவர்கள் அங்கே பிரதிக்கு விண்ணப்பிக்கலாம். அந்த விண்ணப்பத்தை எழுத ஒருவருக்கொருவர் உதவுவதும் உரையின் பலனே.
– குழுக் கொப்பியில் மூன்று விடயங்களை எழுதி வைக்கவும்: என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது, என்ன செய்தோம். அடுத்து வருகிற அறிஞரிடம் அந்தக் கொப்பியைக் கொடுங்கள்.

7. குழுவில் கலந்து பேச

(1) எமது வீட்டில் "மண்பாண்டத்தில்" வைத்துக் காக்கப்படுவது எது? பிள்ளைகளுக்கு அதைப் பற்றிச் சொல்லியிருக்கிறோமா?

(2) எரேமியாவின் கடிதமும் உறுதியும் ஒன்றுக்கொன்று எதிரானவையா? வயது வந்தவர்களும் இளைஞரும் தனித்தனியே பேசி, பின்பு சேர்ந்து பேசவும்.

(3) சூனேம் பெண் கேட்டதுபோல நாம் இன்னும் கேட்காமல் விட்டிருப்பது எது? யாரிடம் கேட்க வேண்டும்?

(4) இடம்பெயராத அயலவரின் காணியில் நாம் இத்தனை காலம் இருந்திருக்கிறோம். அவர்களுக்கு நாம் பட்ட கடன் என்ன?

(5) நெகேமியா 5ஆம் அதிகாரத்தில் மக்கள் வயல்களை ஈடு வைத்துத் தானியம் வாங்கி முறையிடுகிறார்கள். எமது பகுதியில் ஒற்றியும் வட்டியும் எப்படியிருக்கின்றன? அடுத்த வார இறுதி உரைக்கு இது பொருளாகலாமா?

இக்கேள்விகளில் ஒன்றையாவது எழுதி உங்கள் பங்குப் பணிமனையில் சேர்ப்பியுங்கள். அறிஞரை அழைக்கும் கடிதத்தோடு அதையும் இணைத்து அனுப்பலாம்.